ஆறு காட்டிய ஆறு
றொபேட் நொக்ஸ் வரலாறு

திருகோணமலைப் பாடசாலைகளில் ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் மரதன் ஓட்டம் ஒன்று நடாத்துவது வழக்கம். பொழுது புலரும் வேளையிலே மாணவர் புறப்படுவர். துறைமுகத்தை ஒட்டிய வீதிகளைச் சுற்றி வந்து, உவர்மலை ஏற்றத்தை அடைந்ததும் பாதிப்பேர் நடக்கத் தொடங்கிவிடுவர். ஆசிரியராகிய யாம் மேட்டின்மேல் தண்ணீர்க் குடத்துடன் நின்று வருவோர் பெயரைக் குறித்துக்கொள்வோம். அவ்வாறு நின்ற ஒருநாட் காலையில், எல்லாருக்கும் பிந்தி வந்து சேர்ந்த சிறுவன் ஒருவன், இப்படி ஓடுவதனாற் காணும் பயன் யாது என்று என்னை வினவினான். வினாவிலே குறும்பு இல்லை. உண்மையான களைப்பே இருந்தது. அன்று அவனுக்குத் தக்க விடை கூற இயலவில்லை. பின்னர் வகுப்பிலே நான் அவனுக்குக் கூறிய கதையையே ஈண்டு விரித்து எழுதுகின்றேன்.

மேனாட்டார் மலையோட்டம் என்றொரு விளையாட்டைப் போற்றி வருகின்றனர். வட இங்கிலாந்தின் ஏரிநாட்டிலே, செப்பனிட்ட வீதியை விட்டு, கல்லும் சேறும் புல்லும் நிறைந்த குன்றுகளின்மேல் ஏறி இறங்கி ஓடுவது அது. 1932ஆம் ஆண்டிலே கெசிக் என்னும் ஊரில் விடுதி நடாத்திய பொப் கிறகாம் என்பவர், ஒரு பகலும் ஓரிரவுமாகிய இருபத்துநான்கு மணி நேரத்துள்ளே நாற்பத்திரண்டு மலைமுடிகளைத் தொட்டு மீண்டார். அவர் தொட்ட முடிகளையே இன்றும் பலர் தொட முயல்கின்றனர். 1968இல் அந்நாட்டிலே வேறொரு வகைப் போட்டி தோன்றியது. இருவர் இருவராகச் சேர்ந்து, இரண்டு நாளைக்கு வேண்டிய உணவையும் கூடாரத்தையும் தம் முதுகிலே சுமந்து, வழியென்று ஒன்று குறிக்கப்படாத மலைநிலத்தில் வரைபடத்தையும் திசையறி கருவியையும் துணைக்கொண்டு செல்லுதல் அதன் விதி. ஒருவர் தளர்ந்தால் மற்றவரும் நிற்கவேண்டும். தனியே வந்து சேர்ந்தவர்க்குப் பரிசில்லை. இதன்பின் தோன்றிய வீரப்பயணப் போட்டிகளிலோ ஓட்டத்தோடு ஆறு கடத்தலும் காடு புகுதலும் சேர்ந்துகொண்டன.

இவற்றையெல்லாம் படிக்குந்தோறும் எனக்கு நினைவில் வருபவர் ஒருவர் உளர். அவர் பரிசு வேண்டி ஓடியவரல்லர். இருவராகச் சென்று, உணவையும் கூடாரத்தையும் தாமே சுமந்து, வழியில்லாத காட்டினூடே இருபத்தாறு நாளிற் கடற்கரை சேர்ந்தவர். அவருடைய பயணம் முடிந்தது மன்னார்ப் பக்கத்து அரிப்பிலே. அதற்குக் காரணமாய துன்பம் தொடங்கியதோ நமது கொட்டியாரக் குடாவிலே. றொபேட் நொக்ஸ் என்னும் அவ்வாங்கிலேயரின் பெயரைச் சரித்திர பாடத்திற் படியாத மாணவர் இலர். படித்தவரிற் பலர் அவரை ஒரு நூலாசிரியராக மட்டுமே அறிவர். அவருடைய கால்களைப் பற்றி எண்ணியவர் சிலரே.

நொக்ஸ் 1641ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் நாள் இலண்டன் மாநகரிலே பிறந்தார். தந்தையார் பெயரும் றொபேட் நொக்ஸ் என்பதே. அவர் ஒரு கப்பற்றலைவர். மகன் பதினான்கு வயதிலே தந்தையாரோடு கடலேறிச் சென்னைப்பட்டினத்துக் கோட்டைவரை வந்து மீண்டார். இரண்டாம் பயணம் 1658ஆம் ஆண்டு சனவரியில், ஆன் என்னும் கப்பலிலே தொடங்கியது. 1659 நவம்பரிலே மசூலிப்பட்டினத்துத் துறையில் அக்கப்பல் நிற்கும்போது பெரும் புயல் ஒன்று வீசியது. கப்பலைக் காப்பதன் பொருட்டு நடுப்பாய்மரத்தை வெட்டி வீழ்த்த நேர்ந்தது. புதிய மரம் நாட்டுதற்கும், அவ்விடைவேளையிற் சிறிது வாணிகம் செய்தற்கும் ஏற்ற துறை கொட்டியாரம் என்று சென்னைக் கோட்டை அதிகாரிகள் விடுத்த ஆணைப்படி கப்பல் இங்கு வந்தது.

கொட்டியாரத்தை அறியாதார்க்கு ஒரு சொல். திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே விரிந்து கிடக்கும் பெருங்குடா அது. மகாவலி கங்கை கடலொடு கலப்பது அங்கேதான். கரையிலுள்ள மூதூருக்கு முன்னர்த் தோணியும் இயந்திரப் படகுமே வழி; இப்பொழுது பாலங்கள் வழியே வீதியாலும் செல்லலாம். கோணேசர் கோயிலை இடித்துப் பறங்கியர் கோட்டை கட்டியதும், அக்கோட்டையை 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றியதும் முடிந்து, நொக்ஸ் வந்தபொழுது இப்பகுதி கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆணைக்கு உட்பட்டிருந்தது.

கப்பல் குடாவிலே பல நாள் தங்கியது. ஊரவர் பகை காட்டினாரல்லர். பாய்மரத்துக்கு உரிய மரமும் கிடைத்தது. எனினும், அந்நிய நாட்டுக் கப்பற்றலைவன் ஒருவன் தன் துறைக்கு வந்தும் ஓலையோ காணிக்கையோ விடுக்கவில்லை என்பது அரசன் செவிக்கு எட்டியது. அதுவே தமக்கு வந்த கேட்டுக்கு வாயில் என்று நொக்ஸ் பின்னாளிலே கருதினார். திசாவை ஒருவன் படையொடு வந்தான். 1660 ஏப்ரிலிலே, கரையிலே புளியமரம் ஒன்றன் நிழலிலிருந்த தலைவரும் அவரோடு வந்தோரும் பிடிபட்டனர். மகனும் பிடிபட்டார். அடுத்து விறகு மரம் வெட்டச் சென்ற படகினரும் அகப்பட்டனர். ஆக, பதினாறுபேர் சிறையாயினர். அம்மரம் நின்ற இடத்தைக் குறிக்க மூதூரிலே பிற்காலத்தில் ஒரு நினைவுக்கல் நாட்டப்பெற்றது.

இவ்விடத்து நிகழ்ந்த ஒரு செய்தியை விட்டுச் செல்லுதல் ஆகாது. கப்பல் இன்னும் குடாவிலே நின்றது. அதனையும் கைப்பற்ற எண்ணிய திசாவை, அதனை ஆற்றுமுகத்துக்குக் கொண்டுவரும்படி சொல்லியனுப்பத் தலைவரை வற்புறுத்தினான். தலைவரோ தம் மகனையே தூதாக அனுப்பினார். மாலுமிகள் விழிப்போடிருக்க வேண்டும், கப்பலை அணுகவிடலாகாது என்பதே அவர் மறைவாகச் சொல்லியனுப்பிய செய்தி. அதனோடு இன்னொரு கட்டளையும் இட்டார். செய்தியைச் சொன்னபின் மகன் கப்பலிலே தங்காது தம்மிடமே மீளவேண்டும் என்பது அது. பத்தொன்பது வயது இளைஞர் படகேறிச் சென்று, தம் கப்பலின் பலகைமீது காலூன்றி நின்று, சொல்லவேண்டியதைச் சொல்லி, மறுபடியும் படகேறிக் கரைக்கு வந்தார். கப்பல் தப்பியது. நொக்ஸ் தப்பவில்லை. கப்பலிலே நின்றிருந்தாற் கேட்பார் யார்? தந்தை சொல் ஒன்றே அவரைப் பிணித்த கயிறு. தந்தை சொற்காத்துக் காடேகிய கதையைப் படித்து வளர்ந்த நமக்கு இச்செயலின் நிறை நன்கு விளங்கும்.

சிறையென்றால் மதிலும் விலங்கும் அல்ல. அரசன் இவர்களை மலைநாட்டு ஊர்களிலே ஒவ்வொருவராகப் பிரித்து வைத்தான். ஊரவரே உணவு கொடுக்கவேண்டும், ஊரவரே காக்கவேண்டும். மலையும் காடும், கணவாய்தோறும் முள்ளாற் செய்த கடவைகளும் காவலருமே மதில். தந்தையும் மகனும் மட்டும் பிரிக்கப்படாது, பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரிலே வைக்கப்பட்டனர். அங்கே இருவரையும் காய்ச்சல் பற்றியது. தந்தையார் பல மாதம் கிடந்து, 1661 பெப்ரவரியிலே மாண்டார். மகனும் நிற்கமாட்டாத நோயாளி. துணைக்கு இருந்தவன் ஒரு சிறு பணியாளன் மட்டுமே. ஊரவரிடம் உதவி கேட்டபோது, உடலைக் கட்டிக் காட்டுக்கு இழுத்துச் செல்ல ஒரு கயிறு கொடுத்தனுப்பினார்களாம். பிணத்தைத் தொடுதல் அவர்க்குத் தீட்டு. அவர்தம் வழக்கம் அது. நொக்ஸ் அதற்கு உடன்படாது, பொருள் கொடுத்து ஓர் ஆளை அமர்த்தி, தம் கையாலும் மண்ணை அள்ளித் தந்தையை அடக்கஞ் செய்தார். கப்பலிலிருந்து அவரைத் திரும்ப அழைத்த குரல், பத்து மாதத்துள் அடங்கிவிட்டது.

அதன்பின் பத்தொன்பது ஆண்டு. அதனை விரித்தால் இவ்வேடு போதாது. அவர் நூலே அதற்குரியது. சுருங்கச் சொல்வேன். தொப்பி பின்னி விற்றார். பன்றியும் கோழியும் வளர்த்தார். நெல்லைக் கடன் கொடுத்து வட்டி வாங்கினார். இதில் அவர் கை தாராளமானதன்று. ஒருநாள் ஓடையிலே மீன்பிடித்துக்கொண்டிருக்கையில், கிழவர் ஒருவர் புத்தகம் ஒன்றை விற்கக் கொண்டுவந்திருப்பதாகப் பணியாளன் ஓடிவந்து கூறினான். அஃது ஆங்கில விவிலியம். பறங்கியர் கொழும்பை இழந்த 1656ஆம் ஆண்டுக் குழப்பத்திலே அது கிழவர் கைக்கு வந்ததாம். ஒரு பின்னற்றொப்பிக்கு அதனை மாற்றிக்கொண்டார். 1664இலே நிலம்பையில் அரசனுக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டபோதும் சிறைப்பட்டோர் நிலை மாறவில்லை. 1672இலே திருகோணமலைக்குப் பிரெஞ்சுக் கப்பற்படை வந்தது. அதன் தூதுவரும் கண்டியிலே சிறையாகி நின்றுவிட்டார். நொக்ஸின் தோழரிற் பலர் அந்நாட்டுப் பெண்களை மணந்து, பிள்ளைகளைப் பெற்று, மீளும் எண்ணத்தை விட்டனர். நொக்ஸ் மணம் செய்யவில்லை. எலதத்தை என்னும் ஊரிலே நிலம் வாங்கி, வீடு கட்டி, தம்போல் மணமிலாத் தோழர் மூவரோடு வாழ்ந்தார். மணஞ் செய்த தோழர் ஒருவரின் மகளாகிய லூசியா என்னும் சிறுமியை எடுத்து வளர்த்தார்.

வீடும் நிலமும் வாங்கியவன் ஓடமாட்டான் என்று ஊர் நம்பும். அந்நம்பிக்கையே அவர்க்கு வேண்டியது. எனினும் முற்றும் நடிப்பென்று சொல்லிவிடவும் மனம் வரவில்லை. மரம் நட்டு, வேலி கட்டி, பிள்ளை வளர்ப்பவனது கைக்கு அது நடிப்பென்று தெரியுமோ?

நொக்ஸும் அவர் தோழர் ஸ்ரீவன் றட்லண்ட் என்பவரும் மூட்டை வாணிகராயினர். புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, சிறு இரும்புப் பொருள் இவற்றைத் தோளிலே சுமந்து வடக்கு நோக்கிச் செல்வர், விற்பர், மீள்வர். தெற்கும் மேற்கும் காவல் மிக்கவை. வடக்கே காடு பெரிது, மக்கள் சிலர், அப்பாலே ஒல்லாந்தர் கோட்டைகள். ஒவ்வொரு பயணத்திலும் முன் சென்றதினும் சிறிது அப்பாற் செல்வர். எவ்வூரில் நீருண்டு, எக்கடவையிலே காவலன் தூங்குவான், எவ்வழி எங்கே பிரிகின்றது என்று மனத்திலே எழுதிக்கொள்வர். இக்காலத்து மலையோட்டக்காரர் போட்டிக்கு முன்னர் வழியைப் பலகால் நடந்து பார்ப்பார்களென்று அறிகின்றோம். இவர்கள் அங்ஙனம் பார்த்தது பல ஆண்டு. இடையே வடநாட்டிலே மூன்று நான்கு ஆண்டு மழை பொய்த்தது. குளங்கள் வற்றின. நீரில்லாக் காட்டிலே இறங்குதல் சாவதற்கே என்று கண்டு திரும்பினர். திரும்பத் தெரிந்ததும் ஓர் அறிவே.

1679ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் இருவரும் எலதத்தையை விட்டுப் புறப்பட்டனர். மூட்டை தோளில், முகத்திலே வாணிகன் பார்வை. ஊரவர்க்கு இஃது இன்னுமொரு விற்பனைப் பயணம். வளர்த்த மகளுக்கும் வேறாகச் சொல்லியிருக்க இயலாது.

எலதத்தையிலிருந்து அநுராதபுரம் நேர்கோட்டில் ஏறக்குறைய 125 கிலோமீற்றர். மலையிறங்கிக் காட்டுவழி சுற்றினால் அதனினும் மிகும். வழியிலே கலுவில என்னும் இடத்தில் அப்பகுதித் தலைவன் இருப்பிடத்தைக் கடக்கவேண்டியிருந்தது. ஒளிந்து சென்றாற் பிடிபடுவர் என்று கண்டு, நேரே அவன் முற்றத்துக்கே போய், உலர்ந்த இறைச்சி வாங்க வந்ததாகக் கூறித் தம் பண்டங்களை விரித்தனர். அவ்வேளை பார்த்து, கடவைகளைக் கடுமையாகக் காக்கும்படி அரசன் ஆணையொடு படைஞர் சிலர் அங்கு வந்திறங்கினர். வெலவெலத்து எழுந்திருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். இருவரும் இருந்த இடத்திலிருந்து அசையாது பண்டம் பேசினர். ஓட்டத்தின் திறம் காலில் மட்டும் இல்லை. ஓடக்கூடாத இடத்தில் ஓடாதிருப்பதும் அதிற் சேர்ந்ததே.

அநுராதபுரத்தை அடைந்து, சில நாள் தங்கி உணவு சேர்த்தனர். யாழ்ப்பாணம் நோக்கிய பெருவழி கடுங்காவலில் இருந்தது. அதிற் செல்லுதல் இயலாதென்று தெளிந்து, ஊர் திரும்புவார் போல வந்த வழியே நடந்தனர். அன்று ஒக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. தேய்பிறைத் தொடக்கம், நிலவு பதினெட்டு நாள் முதிர்ந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதியானதும் வழியை விட்டுக் காட்டினுள் இறங்கினர். இறங்கியது மல்வத்து ஓயாவின் கரையில்.

அவ்வாற்றைத் தமிழர் அருவியாறு என்பர். 164 கிலோமீற்றர் நீளமுள்ள அது, இலங்கையாறுகளில் மகாவலிக்கு அடுத்து நெடியது. அநுராதபுரத்தின் அருகே ஓடி, வன்னிக் காட்டை ஊடறுத்து, அரிப்பின் பக்கத்திலே கடலிற் கலப்பது. நொக்ஸிடம் வரைபடம் இல்லை. திசையறி கருவி இல்லை. நீர் கடலுக்கே போகும் என்ற அறிவு ஒன்றே இருந்தது. தமிழிலே ஆறு என்னும் சொல் நீரோடும் ஆற்றையும் குறிக்கும், நெறியையும் குறிக்கும். நெறிகாட்டும் நூல்வகைக்கு ஆற்றுப்படை என்று பெயரிட்டனர் நம் முன்னோர். சொல்லின் இருபொருளும் ஓரிடத்திலே கூடிநின்றதை இவ்விருவர் பயணத்திலன்றி வேறெங்கும் நான் கண்டிலேன். ஆறு அவர்க்கு ஆறாயிற்று.

அவர் எடுத்துச் சென்றவற்றைத் தாமே எண்ணிக் குறித்திருக்கின்றார். பத்து நாளைக்கு அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு. சமைக்க ஒரு கிண்ணம். நீர் மொள்ள இரண்டு சுரைக்குடுக்கை. மழை வந்தால் மேலே விரித்து உறங்க இரண்டு பெரிய தாளிப்பனை ஓலை. கருப்பட்டியும் பணியாரமும். புகையிலையும் வெற்றிலையும். ஒன்று பழுதானால் மற்றொன்று உதவுமென்று இரண்டு மூன்று தீக்கடை பெட்டிகள். நீண்ட தடியிற் பொருத்திய சிறு கோடரி ஆளுக்கொன்று, இடுப்பிலே கத்தி. யாவற்றினும் மேலாக, முள் தைக்காதபடி செருப்புச் செய்ய ஒரு மான்றோல். கடவுளுக்கு அடுத்தபடி தம் கால்களையே நம்பியிருந்தார் அவர். இப்பட்டியலை ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். மிகையென்று தள்ளத்தக்கது எதுவும் அதிலில்லை. தாளிப்பனை ஓலையைக் கவனியுங்கள். ஒரே ஓலை பலர் தலையை மறைக்கும் அகலமுள்ளது, மடித்தால் விசிறிபோற் கையிலடங்கும், நனையாது, பாரமுமில்லை. இன்று பல ஆயிரம் ரூபா கொடுத்து வாங்கும் மெல்லிய கூடாரத்தின் குணம் முழுதும் அதற்குண்டு. பத்தொன்பது ஆண்டு அந்நாட்டாரோடு வாழ்ந்து கற்ற கல்வி, ஒரு மூட்டைக்குள் அடங்கியிருந்தது.

கரையோரம் முள்ளடர்ந்த காடு. பல இடத்திற் புகவே இயலாமையால் ஆற்று மணலிலே இறங்கி நடந்தனர். மணலிலே முதலை; கரையிலே யானை, கரடி. இரவிலே தீ மூட்டி அதன் பக்கத்திற் கிடந்தனர். யானை எதிர்ப்பட்டபோது கூச்சலும் தீயுமே காவல். வழியிலே கல்லாற் செய்த தூண்களும் இடிந்த கட்டடங்களும் காட்டினுள் நிற்கக் கண்டனர். அவற்றை எழுப்பினோர் யாரென்று ஆராயும் நிலையில் அவர் இலர். தோளும் கையும் முள்ளாற் கிழிந்து புண்ணாயின. மனிதக் குரல் கேட்டால் விலங்கினும் அஞ்சினர். ஒரு பகல் ஊரார் நடமாட்டம் கேட்டு, பொந்துள்ள மரம் ஒன்றினுள்ளே சேற்றிலும் ஈரத்திலும் நுளம்புக்கடியிலும் ஒடுங்கியிருந்து பொழுதைப் போக்கினர்.

சில நாளிலே கேட்கும் மொழி மாறியது. தமிழர் வாழும் வன்னிக்குள் வந்துவிட்டனர் என்று அதனாலே அறிந்தார். அந்நாட்டை ஆண்டவனைத் தம் நூலிலே ஒரு பெயராற் குறிக்கின்றார். பனங்காமத்துக் கயிலாய வன்னியனே அவன் என்பர் வரலாற்றறிஞர். அவன் கைப்பட்டால் கண்டியரசனுக்குத் திருப்பியனுப்பிவிடுவான் என்ற அச்சம் இருவரையும் வாட்டியது. ஆனால் அவ்வன்னியிலே அவர் முதலில் நெருங்கிப் பேசியவர், மரநிழலிற் சோறு சமைத்துக்கொண்டிருந்த பிராமணர் இருவர். உடம்பெல்லாம் புண்ணும் அழுக்கும், இடையில் ஒரு துண்டும், நீண்டு தொங்கும் தாடியுமாய்க் காட்டிலிருந்து வெளிப்பட்ட வெள்ளையரைக் கண்டு அவர்கள் ஓடவில்லை, கூக்குரலிடவுமில்லை. இரங்கிப் பேசினர். எப்பக்கம் செல்லலாம், எப்பக்கம் ஆகாது என்று அறிவித்தனர். காட்டிக் கொடுத்தால் வன்னியனிடம் பரிசு பெற்றிருக்கலாம். அவ்விருவர் பெயரை அறிய எனக்கு ஆசையுண்டு. வழிகாட்டினோர் பெயரை வழிப்போக்கர் எழுதி வைப்பது அரிது.

1679 ஒக்டோபர் 18, சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணியளவில் இருவரும் அரிப்பிலுள்ள ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். அநுராதபுரத்திலிருந்து அரிப்பு நேர்கோட்டில் எழுபது கிலோமீற்றரைச் சார்ந்தது. ஆற்றின் வளைவெல்லாம் கூட்டினால் அதனினும் எத்துணையோ மிகும். அதற்கு ஆறு நாள். இன்றைய ஓட்டக்காரர் இத்தொலையை ஒரு பகலிலே கடந்துவிடுவர் என்று மாணவன் ஒருவன் சொன்னான். கடப்பர், வழியும் விளக்கும் தண்ணீர்ப் பந்தலும் இருந்தால். கூட்டிப் பார்க்கின், கொட்டியாரத்திற் பிடிபட்ட நாளிலிருந்து பத்தொன்பது ஆண்டும் ஆறு மாதமும் கழிந்திருந்தன. பத்தொன்பது வயதிற் புகுந்தவர் முப்பத்தெட்டிலே வெளிவந்தார்.

ஒல்லாந்தர் நன்கு உபசரித்தனர். மன்னாருக்கும் அங்கிருந்து கொழும்புக்கும் கொண்டுசென்றனர். கொழும்பிலே நொக்ஸ் செய்த முதற் காரியங்களில் ஒன்று, மலைநாட்டிலே விட்டுவந்த தோழர்க்கு ஓலை எழுதியது. தாம் தப்பிய வகையை அதிலே அவர்க்குத் தெரிவித்தார். பரிசில் பெற்று மீண்டவன் பெறாதவனுக்கு வழி சொல்லுதல் ஆற்றுப்படையின் இலக்கணம். பாட்டியற்றத் தெரியாத மாலுமி ஒருவர் அதனை உரைநடையிலே செய்தார் என்க.

பத்தாவியாவுக்கும் பாந்தத்துக்கும் சென்று, ஆங்கிலக் கப்பலேறி, 1680 செப்டெம்பரில் நொக்ஸ் இலண்டன் சேர்ந்தார். கப்பலிலிருந்த நாளிலே எழுதியவற்றை, அறிவியலறிஞர் றொபேட் ஹூக் ஒழுங்குபடுத்த உதவி முன்னுரையும் வரைந்தார். இலங்கைத் தீவின் வரலாறு கூறும் அந்நூல் 1681இல் வெளியாயிற்று. சில ஆண்டுகளில் ஜெர்மன், ஒல்லாந்தம், பிரெஞ்சு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. உழவு, உடை, உணவு, வழக்கு, மணம், சாவு என்று மலைநாட்டு மக்கள் வாழ்வை அவ்வளவு நுணுக்கமாக எழுதிய பிறநாட்டார் அக்காலத்தில் வேறிலர். டானியல் டீபோ தம் றொபின்சன் குறூசோவை 1719இலே எழுதுமுன் இந்நூலைப் படித்திருக்கலாம் என்பர். அடுத்த ஆண்டு வெளியிட்ட கதையொன்றிலே நொக்ஸின் வரலாற்றையே சுருக்கிச் சேர்த்திருக்கின்றார்.

இத்துடன் நிறுத்தினால் வரலாறு இனிதாக முடியும். ஆனால் இனிமைக்காக வரலாற்றைக் குறுக்குதல் ஆசிரியத் தொழிலுக்கு அடாது. வீடு திரும்பிய நொக்ஸ் கிழக்கிந்தியக் கும்பனியின் கப்பல் ஒன்றுக்குத் தலைவரானார். 1684இல் தொடங்கிய பயணத்திலே அவருக்கு இடப்பட்ட வேலை, மடகாஸ்கர் தீவிலே மனிதரை விலைக்கு வாங்கிச் சென் எலேனாத் தீவுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லுதல். அதனை அவர் மறுக்கவில்லை. பத்தொன்பது ஆண்டு பிறர் மண்ணிலே பிறர் ஆணையின் கீழ்க் கிடந்து, ஒவ்வொரு நாளும் ஊர் திரும்பும் வழியை எண்ணிய ஒருவர், தம்மைப்போன்ற மனிதர் பலரை அவர்தம் ஊர்களிலிருந்து பிரித்துக் கப்பலின் அடித்தட்டில் அடைத்தார். அக்காலத்து வழக்கம் அஃது என்று சமாதானம் கூறுவாருளர். நான் கூறேன். சிறையின் துன்பத்தைத் தோலாலும் எலும்பாலும் அறிந்தவர் அவர். வழக்கமென்ற சொல் மற்றவர்க்கு உதவினாலும் அவருக்கு உதவாது. சென் எலேனாவிலே அவர் கரையிறங்கியிருந்தபோது அவருடைய மாலுமிகளே கப்பலைக் கொண்டு ஓடிவிட்டனர். தீவின் கரையிலே நின்று, தம் கப்பல் போவதை இரண்டாம் முறை அவர் பார்த்தார். கொட்டியாரத்திலே போனது தந்தையின் கட்டளையால். இங்கே போனது வேறு வகையால்.

இதனை வகுப்பிலே சொன்னபோது, முன்னர் என்னை வினவிய அச்சிறுவன் முகம் வாடிற்று. அதுவரை நொக்ஸ் அவனுக்கு வீரர். அவ்வளவு தூரம் நடந்த மனிதர் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டான். அதற்கும் என்னிடம் விடை இல்லை. எனினும் அவ்வாண்டு மரதன் ஓட்டத்திலே உவர்மலை ஏற்றத்தை அவன் நடவாமல் ஏறினான் என்பதை ஏட்டிற் குறித்துள்ளேன்.

நொக்ஸ் அதன்பின்னும் கடலோடினார். இறுதிவரை மணஞ் செய்யவில்லை. கரையிலே ஓய்ந்திருந்த நாள்களில் தம் நூலை மறுபடியும் திறந்துவைத்து, மறந்தவற்றையும் புதிதாக நினைவில் வந்தவற்றையும் எழுதிச் சேர்த்துக்கொண்டேயிருந்தார். அவ்வெழுத்துக்கள் அவர் காலத்தில் அச்சேறவில்லை. கையெழுத்தாகவே கிடந்து, 1911இலேதான் நூலோடு சேர்த்து வெளியிடப்பெற்றன. 1720ஆம் ஆண்டு யூன் 19ஆம் நாள், எழுபத்தொன்பதாம் வயதிலே, இலண்டனில் இறந்தார். விம்பிள்டன் ஊர்க் கோயிலிலே அவரை அடக்கினர். அவர் தந்தையார் கிடப்பது பண்டார கொஸ்வத்தையில், மகன் தோண்டிய குழியிலே.